ஆடிக்கு முன் ஒரு வீடு

புனே
மார்ச் 2, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோகுல் எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே நானும் சௌம்யாவும் நலம். தாரிகாவுக்குச் சளி. அவளுக்குச் சளி இல்லாத நாளில்தான் உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. இங்குள்ள எங்கள் பிரிவைக் குறைக்கிறார்கள். ஜூனுக்குள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ மாறிக்கொள்ளச் சொல்லி விருப்பம் கேட்டிருக்கிறார்கள். சென்னை என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. நீங்கள் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறீர்கள். ஆவடி குவார்ட்டர்ஸை ஜூலை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். எல்லாரும் சேர்ந்து இருப்பது போல ஒரே வீடாகப் பார்த்துவிடலாம். சௌம்யாவும் சரி என்றாள்.

நீங்கள் அந்தப் பக்கம் வீடு பார்த்து வைக்க முடியுமா? மூன்று படுக்கையறை, நல்ல தண்ணீர், மழைக்கு மூழ்காத தெரு, ஸ்டேஷன் பக்கம், தாரிகாவுக்குப் பள்ளி பக்கம். இவ்வளவுதான்.

கோயம்புத்தூரைப் பற்றி நாங்கள் யோசிக்கக்கூட இல்லை.

அம்மாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
கோகுல்நாத்

---

ஆவடி
மார்ச் 12, 2025

அன்புள்ள கோகுலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். தாரிகாவின் சளியை விசாரித்ததாகச் சொல்லவும். என் காது முன்பு போலவே. இரும்புத் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப்பில் இத்தனை வருடம் நின்றதற்குத் தொழிற்சாலை எனக்கு ஓய்வை முன்கூட்டியே காதில் கொடுத்துவிட்டது. போனில் நீ பேசினால் வெறும் இரைச்சல். வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளுங்களேன் என்கிறாள் அம்மா. அதில் நீலக் கோடு விழுந்தாலே பதில் சொல்லியாயிற்று என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை.

கள்ளிக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்தோம். கூட்டிப்போனவர் கிருபாகரன் என்ற தரகர். எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியே பேசுகிறார். அதனால் உன் வேலை, உன் குடும்பம், உனக்குத் தேவைப்படும் கழிப்பறைகள் ஆகியவை அந்தத் தெருவுக்குத் தெரியும். 

“புள்ள எப்ப வர்றாரு சார்?” என்றார். ஜூன் என்றேன். 

“அப்போ இப்பவே பேசி முடிச்சுடு சார். நல்ல ஊடு சிக்குனா நாமதான் அத்தப் புடிச்சிக்கினு தொங்கணும். அது நமக்காகக் காத்துக்கினு இர்க்குமா?”

மாடி வீடு. தண்ணீர் நன்றாக இருக்கிறது, குடித்துப் பார்த்தேன். மழைக்குத் தெரு மூழ்குமா என்று எதிர்வீட்டில் விசாரித்தேன். “மூழ்காது, நிக்கும்” என்றார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

31-ஆம் தேதி மாலை எனக்குப் பிரிவு உபசாரம். மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், ஜீப்பில் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். குடும்பத்தோடு மேடையில் நிற்கச் சொல்கிறார்கள். நீ வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆசிகளுடன்,
அப்பா

---

புனே
மார்ச் 27, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

31-ஆம் தேதி என்னால் வர முடியாத நிலை. ஆண்டுக் கணக்கு முடியும் நாள் என்பதால் அலுவலகத்தை விட்டு நகர முடியாது. டிக்கெட்டும் பார்த்தேன், இல்லை. விழாவை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் நிச்சயம் பார்ப்போம்.

கள்ளிக்குப்பம் வீடு நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் நிற்கிற தண்ணீரும் தண்ணீர்தானே அப்பா. கொசு வரும், தாரிகாவுக்கு ஏற்கெனவே உடம்பு இப்படி. அதோடு மாடி என்றால் அம்மாவின் முழங்காலுக்குச் சரிப்படாது. கீழ்த்தளமாகப் பாருங்கள். ஆனால் கீழ்த்தளம் இருட்டாக இருக்கக் கூடாது. சௌம்யாவுக்கு இருட்டு வீடு என்றால் தலைவலி வரும். வாசலில் ஒரு மரம் இருந்தால் நல்லது. இலை கொட்டாத மரமாக.

வெயிலில் ரொம்ப அலையாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
கோகுல்

---

ஆவடி
ஏப்ரல் 10, 2025

அன்புள்ள கோகுலுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

விழா நல்லபடியாக நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் என்னைப் பற்றி மிக உயர்வாகச் சொன்னார்களாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேடையில் உனக்கென்று போட்ட நாற்காலியில் அம்மா தன் பையை வைத்துக்கொண்டாள். வீடியோ எடுத்தவன் என் காலைத்தான் அதிகம் எடுத்திருக்கிறான். ஆகவே அனுப்பவில்லை.

கீழ்த்தளம், வெளிச்சம், மரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கிருபாகரனிடம் சொன்னேன். இலை கொட்டாத மரம் என்றதும் குறிப்பை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு, “பிளாஸ்டிக்ல வாங்கி நட்டுக்கலாம் சார்” என்றார்.

அண்ணனூரில் ஒரு வீடு. நல்ல வெளிச்சம், அருமையான அமைதி. இவ்வளவு அமைதியான தெருவை நான் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரரிடம் பாராட்டிப் பேசினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே வந்த பிறகுதான் அம்மா சொன்னாள், வீட்டின் பின்சுவரை ஒட்டி மின்ரயில் பணிமனையாம். நாங்கள் இருந்த நேரம் முழுக்கச் சங்கு ஊதிக்கொண்டே இருந்ததாம். அதை விட்டுவிட்டோம்.

பிறகு சென்னீர்குப்பம் போனோம். வீட்டுக்காரர் ஷவுகத் அலி பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். தங்கமான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். “அண்ணே, ஊட்டப் பாக்க நீங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்க. குடியிருக்கப் போறவங்க ஒரு வாட்டி வந்து பாக்க வேணாமா?” என்றார். உனக்கு அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொன்னேன். “என் பெரிய மகனும் ரொம்ப பிசிண்ணே. துபாய்ல கீறான்” என்றார். வாசலிலேயே பெங்களூர் நெடுஞ்சாலை. குழந்தைக்கு ஆகாது என்று நாங்களே வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

வெயில் ஒன்றும் செய்யவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா

---

புனே
மே 14, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாரும் நலம். தினமும் எழுத நினைப்பேன். உட்கார்ந்தால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியாது.

இங்கே வேலை ஆகஸ்ட் வரை இழுக்கும் போலிருக்கிறது. எனவே தாரிகாவை இந்த வருடம் எங்கே சேர்ப்பது என்பதே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் வீடு பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருங்கள், முடிவு மட்டும் செய்ய வேண்டாம்.

அப்படியே பார்த்தாலும் வாசல் கிழக்கு பார்த்து இருந்தால் நல்லது என்று சௌம்யா வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சமையலறை தென்கிழக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று. இனி எனக்கு அலுவலக முகவரிக்கே எழுதுங்கள். வீட்டில் தபால்காரர் வரும் நேரத்தில் ஆள் இருப்பதில்லை.

நீங்கள் அலைவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகுல்

---

ஆவடி
மே 26, 2025

அன்புள்ள கோகுலுக்கு,

இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியதில் பழகிவிட்டது என்கிறாள்.

நீ கேட்ட வீடு கிடைத்துவிட்டது.

அண்ணனூரிலேயே, பணிமனை இல்லாத மறுகோடியில், சத்தம் எட்டாத தூரம். அம்மாவை வாசலில் நிற்க வைத்துச் சோதித்துவிட்டேன். கீழ்த்தளம், வெளிச்சம், மூன்று படுக்கையறை, கிழக்கு வாசல். போன பெருமழையின்போது தெருவில் தண்ணீர் நின்றதா என்று நான்கு வீட்டில் தனித்தனியாகக் கேட்டேன்; நால்வரும் நிற்கவில்லை என்ற ஒரே பதிலைச் சொன்னார்கள். சமையலறை தென்கிழக்கு. திசைகாட்டி கொண்டுபோயிருந்தேன். வாசலில் ஒரு கொய்யா மரம். இலை கொட்டும், பெருக்குவதற்கு நான் இருக்கிறேன்.

உன் நிபந்தனை அத்தனையும் ஒரே வீட்டில் அமையாது என்று நம்பித்தான் நீ எழுதிக்கொண்டே போனாய் என்று அம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். குவார்ட்டர்ஸ் ஜூலையோடு முடிகிறது. நாங்கள் எங்காவது போயாக வேண்டும். வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ ஆகஸ்டில் வந்தாலும் சரி, அறை அறையாகவே இருக்கும்.

ஆசிகளுடன்,
அப்பா

---

புனே
ஜூன் 23, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வீடு கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. உண்மையிலேயே. நீங்கள் விவரித்ததைப் படித்தபோது ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடுகிறதே அப்பா. ஆடியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா எப்போதும் சொல்வாள். ஆனிக்குள் என்னால் வர முடியாது. ஆவணியில் நிதானமாகப் பேசலாம். அதுவரை குவார்ட்டர்ஸில் நீட்டிப்புக் கேட்டுப் பாருங்களேன். உங்கள் மேல் அங்கே எல்லாருக்கும் மரியாதை உண்டு.

தாரிகா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கோகுல்

---

ஆவடி
ஜூலை 15, 2025

அன்புள்ள கோகுலுக்கு,

நாங்கள் நலம். தாரிகா கேட்டதாக எழுதியிருந்தாய். என்ன கேட்டாள் என்று எழுதவில்லை.

நீட்டிப்புக் கேட்டேன். மிகுந்த மரியாதையோடு மறுத்தார்கள்.

ஆடியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. ஆடியில் குடிபோகக் கூடாதே தவிர, ஆனியில் பால் காய்ச்சி ஒரு பாயைப் போட்டுவிட்டு வந்தால் குடிபோனதாகவே கணக்கு. சாமான்களை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். சாமான்களுக்கு மாதம் கிடையாது. இதை அம்மாதான் சொன்னாள். இந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்களே அதற்கு ஒரு பின்வாசலும் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எனவே ஞாயிற்றுக்கிழமை, ஆனியின் கடைசி ஞாயிறு, காலை முகூர்த்தத்தில், உன் குடும்பத்துக்கும் சேர்த்து அண்ணனூர் வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம். நீ எந்த மாதத்தில் வந்தாலும் நேராக உள்ளே வரலாம். உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர். கிருபாகரன் ஆவின் பால் வாங்கிவந்தார். சௌம்யா செய்ய வேண்டியதை அம்மாவே அவள் பெயரைச் சொல்லிச் செய்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது, மிகவும் நல்லதாம். உள்ளறையில் தாரிகாவுக்கு என்று ஒரு சின்னப் பாயை விரித்துவிட்டு வந்தோம்.

அக்கம்பக்கத்தில் பாலைக் கொடுத்தபோது, “பையன் வரலையா?” என்று கேட்டார்கள். அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அங்கிருந்தே அம்மா உனக்குப் போன் செய்தாள். உடனே பேசி முடித்துவிட்டாள். அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் சாமான்களை ஏற்றுகிறோம்.

ஆசிகளுடன்,
அப்பா

---

ஆவடி
ஜூலை 16

கோகுலு,

அம்மா எழுதறேன். நல்லா கீறியாப்பா? சௌம்யா எப்டி கீறா? கொழந்தைக்கு சளி வுட்டுச்சா? இத ஒங்கப்பாவுக்குத் தெரியாம எழுதறேன். கிருபாகரன் தபால்ல போடுறேன்னாரு.

ஞாயித்துக்கெழம பால் காய்ச்சிட்டு ஒனக்கு போன் போட்டேன். கொழந்தைதான் எடுத்தா. எடுத்த ஒடனே, “பாட்டி, பால் பொங்கிடுச்சு”ன்னா. ஆமாடி தங்கம், பொங்கிச்சுன்னேன். நம்ம ஊட்டுப் பாலத்தான் சொல்றான்னு நெனச்சுகினேன். ஒனக்கு எப்டிடி தெரியும்னு கேக்குறதுக்குள்ள, “எல்லாரும் கை தட்னாங்க. அம்மாயி எனக்கு ரெண்டு டம்ளர் குடுத்தாங்க. இனிமே இதான் எங்க ஊடாம். ஸ்கூல் வேன் வாசல்லயே வருது”ன்னா.

கொழந்த அம்மாயின்னு கூப்புட்றது சம்பந்தியம்மாவத்தான். அவங்க கோயம்புத்தூர விட்டு எங்கயும் போறவங்க இல்லியே. நான் போன வெச்சுட்டேன்.

இன்னா சொன்னான்னு ஒங்கப்பா கேட்டாரு. பால் நல்லாப் பொங்கிச்சான்னு கேட்டான்னு சொன்னேன். அவரு மொகத்தப் பாக்கணுமே.

எனக்குக் கோவம் இல்ல. பொண்ணுக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்னு தோணும். எனக்கும் தோணிச்சு, அப்போ யார்னா கேட்டாங்களா? நாங்கதான் ஒங்கள இழுக்கறோமோன்னு ஒரு நெனப்பு வந்து அதுவே நெஞ்ச அறுக்குது. வேணான்னு ஒரு வார்த்த மார்ச்லயே சொல்லிருந்தா அந்த மனுசன் வெயில்ல தெசகாட்டி தூக்கிகினு அலஞ்சிருக்க மாட்டாரு.

நான் அவருகிட்ட சொல்லல. இத்தினி வருசமா ஊர்ல யார் இன்னா பேசினாலும் நாந்தான் அவரு காதுல கத்திச் சொல்லிகினு கீறேன். இத என்னால கத்த முடியாது. நீயே எழுது.

கொழந்தைய மெரட்டாத. அது சரியாத்தான் பேசிச்சு.

அம்மா

---

கோயம்புத்தூர்
ஜூலை 24, 2025

அப்பா,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாங்கள் மே மாதக் கடைசியிலேயே கோயம்புத்தூர் வந்துவிட்டோம். பள்ளி திறந்ததும் தாரிகாவைச் சேர்த்தோம். சௌம்யாவின் அப்பா வீட்டில் இருந்துகொண்டு வீடு தயாராகக் காத்திருந்தோம். ஜூனில் உங்களுக்கு எழுதியதை இங்கிருந்து புனே அலுவலக நண்பன் உதயகுமாருக்கு அனுப்பி, புனேயில் தபாலில் போடச் சொன்னேன். உங்கள் கடிதங்களை அவன்தான் எனக்கு அனுப்பினான். என்ன ஏது என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவனும் யாருக்கோ இப்படி எழுதுகிறான் போல.

உங்கள் பிரிவு உபசாரத்தன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை. அன்று மாலை நான் இங்கே ஒரு வீட்டுக்காரரோடு மொட்டைமாடியில் நின்று தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜீப்பில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் நேரம் என்பது நினைவில் இருந்தது. தொட்டி பெரிதாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

நீங்கள் பால் காய்ச்சிய அதே ஞாயிறு, அதே முகூர்த்தத்தில், நாங்களும் இங்கே காய்ச்சினோம். உங்கள் கடிதம் வந்தபோது அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. அம்மா கடிதமும் கூடவே வந்தது. அவளுக்குத் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சௌம்யா மேல் பழி போடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மார்ச்சிலேயே மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னவள் அவள்தான். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே வந்தால் நான் மறுபடியும் மகன். நீங்கள் எதுவும் கேட்க மாட்டீர்கள். கேட்காமலே இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சாப்பிட்டானா என்று மட்டும் பார்ப்பார்கள். எனக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது. இதை எழுதவே கூசுகிறது.

நீங்கள் ஏதாவது ஒரு வீட்டில் சலித்துப்போய், “போதும்டா, நீ வேறு ஊரைப் பார்த்துக்கொள்” என்று எழுதிவிடுவீர்கள் என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்தேன். நீங்கள் எழுதவில்லை.

அந்த மூன்று அறை வீட்டை என்ன செய்வீர்கள்? நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுத நினைக்கிறேன். இங்கே இருப்பது இரண்டு அறை.

திட்டியாவது பதில் எழுதுங்கள்.

கோகுல்

---

கள்ளிக்குப்பம்
ஆகஸ்ட் 4, 2025

அன்புள்ள கோகுலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீ, சௌம்யா, தாரிகா, சம்பந்தி வீட்டார் அனைவரின் நலமும் அறிய விரும்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. இனி நேரடியாக உன் முகவரிக்கே எழுதுகிறேன். உதயகுமாருக்கு என் நன்றியைச் சொல்லவும்.

அம்மாவை நான் கோபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான அடுப்பு. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பற்றி நீ எழுதியிருந்தது சரிதான். அது மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அண்ணனூர் வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், விட்டுக்கொடுத்தார். அந்த வீட்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம் வருகிறது. மூன்று குழந்தைகளாம்.

நாங்கள் ஆடியிலேயே வீடு மாறினோம். அம்மாவே, “பரவால்ல, வாங்க போலாம்” என்றாள். ஆடியில் வீடு கேட்டு வருகிறவர்களுக்கு இங்கே கிடைக்கும் உபசாரம் தனி. வீட்டுக்காரர்கள் மின்விசிறியைப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள். இப்போதுள்ள வீடு எல்லம்மா என்ற அம்மாளுடையது. அவர் மாடியில் இருக்கிறார். ஒரு கூடம், சமையலறை, ஒரே படுக்கையறை. வாசல் எந்தத் திசை என்று நான் பார்க்கவில்லை.

சாவியைக் கொடுக்கும் முன் அவர் அம்மாவிடம் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. வழக்கமாக அம்மா என் பக்கம் திரும்பிக் கத்திச் சொல்வாள். அன்று திரும்பவில்லை. கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசித்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேர்தாங்க” என்றாள்.

ஆசிகளுடன்,
அப்பா